பதினாலு சென்டிமீட்டர் கிழங்கு

பிரான்சில் ஓட்டல் வேலை செய்த என் மாமா விடுமுறைக்கு வந்தபோது, அம்மாவுக்கு நாலு லில்லிக் கிழங்குகள் கொண்டுவந்தார். அட்டைப் பெட்டியில் வெள்ளைப் பூவின் படம், அதன்கீழ் 14/16 செ.மீ. என்ற அளவு. மற்றதெல்லாம் பிரெஞ்சு. மீதி இடத்தில் மாமா தன் காலுறைகளைத் திணித்திருந்ததால் பெட்டி ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. அதுதான் வினையாகிவிட்டது.

அப்பா சேதராப்பட்டில் லேத் ஓட்டியவர். கம்பெனியை மூடி மூன்று மாதமாகியிருந்தது. பொருளைக் கவ்விப்பிடித்து அளக்கும் வெர்னியர் மட்டும் அவரோடு மூலக்குளத்து வீட்டுக்கு வந்திருந்தது. கதவுத் தாழ்ப்பாள், என் பென்சில், அம்மாவின் வளையல் என வீட்டில் அளக்காததே இல்லை. கிழங்கை விடுவாரா?

"பதினாலுன்னு போட்டிருக்கான். இது அஞ்சு கூட வரலியே மச்சான். பெருசுங்கள யாருக்குக் குடுத்த?"

மாமா முதலில் சிரித்தார். அப்பா நாலையும் அளந்து எண்களைப் படித்துக் காட்டியதும் எழுந்துவிட்டார். இலையில் போட்ட சோறு அப்படியே கிடக்க, இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சாரம் பகுதியில் இருந்த தன் வீட்டுக்குப் போனார்.

அப்பா படுத்தபின், அம்மா பூக்கட்டும் நூலைக் கிழங்கின் வயிற்றைச் சுற்றிப் பிடித்து, என் பள்ளி ஸ்கேலின்மேல் நீட்டினாள். ஸ்கேல் முடியும் இடத்தில் நூலும் முடிந்தது. பதினைந்து. கிழங்குக்குச் சுற்றளவுதான் கணக்கு என்பதை, பிற்பாடு நான் ஊர் ஊராய்ச் சுற்றி ஊட்டிப் பக்கம் ஒரு பூந்தோட்டத்தில் கிழங்கு தரம் பிரித்த காலத்தில்தான் கற்றேன். அம்மாவுக்கு யார் சொன்னார்களோ.

அப்பாவை எழுப்ப ஓடியவனைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சும்மா இர்ரா. வேலதான் போச்சி. அளக்கவும் தெரியலன்னு நான் வேற சொல்லணுமா?"

மறுநாள் நூலை முந்தானையில் முடிந்துகொண்டு என்னைச் சாரத்துக்குக் கூட்டிப் போனாள். மாமா நூலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு எனக்கு ஒரு டப்பா சாக்லேட்டை எடுத்து நீட்டினார். பிரான்சுக்குத் திரும்பும்வரை அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, நாங்கள்தான் போனோம். ஒவ்வொரு முறையும், அப்பா கேட்டால் கோயிலுக்குப் போனோம் என்று சொல்லச் சொல்லி, அம்மா என் வாயைத் துடைத்துவிடுவாள்.

சாக்லேட்டைத்தான் மறைக்கிறோம் என்று நினைத்தேன். அப்பாவுக்கு ஒரு துண்டுகூட வைக்காமல் தின்றுவிட்டோமே என்று அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.