சாகாத ஆட்டுக்குட்டி

எங்கள் கம்பெனியில் நான்தான் கொலைகாரன். விசிட்டிங் கார்டில் ‘லெவல் டிசைனர்’ என்று இருக்கும். டிவியில் மாட்டி ஆடும் கன்சோல் விளையாட்டுகளில், ஆடுகிறவர் எந்த இடத்தில் எப்படிச் சாகவேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஏழு பேர் சேர்ந்து ஓர் ஆட்டுக்குட்டியை மலையேற்றிக்கொண்டிருந்தோம். பாதி மலையில் உளுத்துப்போன மரப்பாலம் ஒன்று வரும். கால் பட்டதும் பலகை உடையும். உடைவதற்குள் அடுத்த பலகைக்குத் தாவவேண்டும். அந்தப் பாலம் என்னுடையது. எட்டு மாதம் அதைச் செதுக்கினேன். யாராவது அதில் விழுந்து என்னைத் திட்டினால் சம்பளம் கூடியது போல இருக்கும்.

விளையாட்டை வெளியிட இருந்தவர்களுக்குப் பாலம் பிடிக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து போனில் கலர் உருண்டை சேர்க்கிறவர்களும் இதை வாங்கவேண்டும், அவர்களுக்கும் ஒரு வழி வையுங்கள் என்றார்கள். நான் மீட்டிங்கில் எழுந்து நின்று, “விழாம ஏறினா அது மலையே இல்ல, எஸ்கலேட்டர்” என்றேன். எனக்கே கைதட்டத் தோன்றியது. வேறு யாருக்கும் தோன்றவில்லை. கீழ்க்கட்டளையிலிருந்து வரும் எங்கள் புரோகிராமர் பெண் இரண்டே நாளில் ஓர் உதவி முறையை எழுதிவிட்டாள். அதைப் போட்டுவிட்டால் ஆட்டுக்குட்டி தானே தாவிக்கொள்ளும். ஆடுகிறவர் இடது கையால் குச்சியை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தால் போதும், வலது கட்டைவிரலால் தாவும் பட்டனை அழுத்தவே வேண்டாம். நான் அதை செட்டிங்ஸில் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் புதைத்துவைத்தேன்.

அந்த மாதம்தான் அக்காவுக்கு ஸ்ட்ரோக் வந்தது.

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பேச்சு ஒரு வாரத்தில் திரும்பிவிட்டது. என்னைத் திட்டுவது அதற்கும் முன்பே திரும்பியிருந்தது. வலது கை மட்டும் வரவில்லை. விரல்கள் மெதுவாக மடங்கின, கட்டைவிரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சாக்பீஸ் பிடிக்கமுடியாது என்று வேலைக்கு லீவு போட்டாள். கோயிலில் எல்லோரும் கைகொடுக்க வருவார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவதையும் நிறுத்தினாள். வீட்டில்கூட அந்தக் கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். பிசியோதெரபிக்காரர் கொடுத்த ரப்பர் பந்து பிரிட்ஜ் மேல் தூசி பிடித்துக் கிடந்தது. “பிடிச்ச வேலை ஏதாவது குடுங்க சார். கட்டைவிரல் தினமும் அசையணும். இப்ப விட்டா அப்படியே இறுகிடும்” என்று அவர் என்னிடம் சொன்னார்.

அக்காவுக்குப் பிடித்த வேலை எனக்குத் தெரியும். என்னைத் தோற்கடிப்பது. சின்ன வயதில் கேசட் போட்டு ஆடும் டிவி கேமில் ஒரு தடவைகூட நான் அவளை ஜெயித்ததில்லை. ஆடத் தெரியாதவன், ஆடுகிறவர்களைச் சாகடிக்கும் உத்தியோகத்துக்கு வந்தது அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் ஆபீஸ் கன்சோலை மாடம்பாக்கத்தில் அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். டிவியில் மாட்டும்போதே பயம் வந்துவிட்டது. முதல் பள்ளத்திலேயே விழுந்து, இனி இதைத் தொடவேமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அவள் வந்து உட்காருவதற்குள் கடைசிப் பக்கத்துக்குப் போய், நான் புதைத்ததை நானே தோண்டி எடுத்துப் போட்டுவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

ஆட்டுக்குட்டி பாலத்தைத் தாண்டியது.

“இதானா உன் பாலம்?”

“ஆமாக்கா.”

“இதுக்கா எட்டு மாசம்? கார்ப்பரேஷன்காரனே சீக்கிரம் கட்டிருப்பான்.”

நான் சிரித்தேன். கைதட்டினேன். தேவைக்கு மேலேயே தட்டினேன். அவள் மேலே மேலே போனாள். முகம் தெளிந்துகொண்டே வந்தது. இருபது நிமிடம் இருக்கும். சட்டென்று நிறுத்தினாள்.

“டேய், நீ எப்ப ஆடுவ?”

எங்கள் வீட்டில் என்றைக்கும் ஒரே ஒரு கன்ட்ரோலர்தான். செத்தவர் அடுத்தவரிடம் கொடுக்கவேண்டும். எங்களுக்குள் முறை மாற வேறு வழியே கிடையாது. எளிதாக ஆடுவதைப் பற்றி அத்தனை மீட்டிங் போட்ட நாங்கள் ஏழு பேரும் இதை யோசித்ததில்லை. ஒருவர் சாகாவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு முறையே வராது.

“பரவால்லக்கா, நீ ஆடு.”

“ரெண்டு கையும் நல்லா இருந்தப்பவே நான் இவ்ளோ நேரம் சாகாம இருந்ததில்ல.” வலது கையைப் பட்டனிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். இடது கையால் மட்டும் தள்ளினாள். ஆட்டுக்குட்டி ஜம்மென்று தாவியது. “என் விரலே அதுல இல்ல. யாருடா குதிக்கிறது?”

நான் டிவியையே பார்த்தேன்.

“பரீட்சை ஹால்ல பிட் வெச்சிருக்கிற பசங்க இப்படித்தான் கரும்பலகையைப் பாப்பானுங்க,” என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. “எல்லாரும் எனக்கு சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு குடுக்கறாங்க. நீயுமாடா?”

எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் கன்சோலை எடுக்காமல் கிளம்பினேன். அவள் அதைத் தொடவில்லை. மூன்று வாரம் போனில் மழை, மெட்ரோ தோண்டிய பள்ளம் என்று எல்லாவற்றையும் பேசினாள், அதைத் தவிர. விரல் முன்னைவிட இறுகியிருக்கிறது என்று மாமா, அக்காவின் கணவர், தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை புரோகிராமர் பெண்ணிடம் போய், உதவி முறையை உடைக்கச் சொன்னேன். ஒரே சுவிட்சாக வேண்டாம். ஓடுவது தனி, தாவுவது தனி, பலகை உடையும் வேகம் தனி. முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில். ஆடுகிறவர் கேட்காமல் எதுவும் தானாக வரக்கூடாது.

“இன்னாண்ணா, எஸ்கலேட்டர் கட்சிக்குத் தாவிட்டீங்களா?”

“தாவிட்டேன்மா. ஆனா ஏத்தறதுக்கு முன்னாடி அவங்கள ஒரு வார்த்தை கேட்டுடலாம்.”

அவள் மேற்கொண்டு கிண்டல் செய்யவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்கவேண்டும்.

அவள் மாற்றி எழுதிய விளையாட்டை எடுத்துக்கொண்டு ஞாயிறு மதியம் அக்கா வீட்டுக்குப் போனேன். அரைமணி நேரம் கெஞ்சியபிறகு அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்தை வினாத்தாள் போல மேலிருந்து கீழே படித்தாள்.

“எல்லாமே ஆஃப்ல இருக்கா?”

“எல்லாமே. நீயே பாரு.”

தாவுவதற்குத்தான் உதவி கேட்பாள் என்று நினைத்தேன். “ஓடறதை மெஷினே பாத்துக்கட்டும். குதிக்கறது எனக்கு வேணும்,” என்றாள். அவளிடமிருந்து நான் பிடுங்கி மெஷினிடம் கொடுத்தது அதைத்தான்.

முதல் பலகையிலேயே விழுந்தாள். கன்ட்ரோலரை என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். இரண்டாவது பலகையில் நானும் விழுந்தேன்.

அவள் முகம் மூடிக்கொண்டது. “நடிக்காத.”

“இல்லக்கா.”

“மறுபடியும் விட்டுக் குடுக்கற.”

“சத்தியமா இல்லக்கா.”

“நீ கட்டின பாலத்துல நீயே விழுவியா?”

இருபது வருட மானத்தை அங்கே இறக்கி வைக்கவேண்டியதாயிற்று. “ஆபீஸ்ல டெஸ்ட் பண்றப்ப பலகை உடையறதை ஆஃப் பண்ணிட்டுத்தான் ஓடுவேன். முழுசா ஒரு தடவைகூட நான் இதைத் தாண்டினதில்ல. யார்கிட்டயும் சொல்லிடாத.”

“மறுபடி ஆடு.”

ஆடினேன். நாலாவது பலகை. மறுபடி. இரண்டாவது. மறுபடி. முதல் பலகை. அவள் டிவியைப் பார்க்கவே இல்லை. என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜமாகவே தெரியாத பையனையும் தெரியாதது போல நடிக்கிற பையனையும் ஆயுள் முழுக்கப் பார்த்தவள். கடைசியில் நம்பிவிட்டாள். நம்பியது எனக்கு நிம்மதியாகவும் அவமானமாகவும் இருந்தது.

“உனக்கு வேணும்னா குதிக்கிற உதவியையும் போட்டுக்கோ,” என்றாள். “நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

அவள் பார்க்கப் பார்க்கப் போட்டுக்கொண்டேன். காது சுட்டது. ஆட்டுக்குட்டி பாலத்தின் அந்தப் பக்கம் போய் நின்றது. நான் கட்டிய பாலத்தை முதல் தடவையாகத் தாண்டியிருந்தேன், தாண்டியது நானில்லை.

“எப்படி இருக்கு?”

“கால் என்னோடது இல்லாத மாதிரி இருக்குக்கா.”

அவள் சிரிக்கவில்லை. “ம். கையும் அப்படித்தான் இருக்கு” என்றாள்.

 பிறகு, “அதை நிறுத்து” என்றாள். நிறுத்தினேன். கன்ட்ரோலரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் வலது கட்டைவிரலை எடுத்துப் பட்டன்மேல் வைத்தாள்.