சோமனூருக்கு ரெண்டு டிக்கெட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரிச் சமாசாரங்களை நம்புகிற ஆள் நான் இல்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் காலம் தள்ளியவள். துணியை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து எங்கே ஓட்டை, எங்கே எண்ணெய்க் கறை என்று பார்த்து ஒதுக்குவதுதான் பிழைப்பு. யாராவது கதை சொன்னாலும் அப்படித்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கூட வேலை செய்த தெக்கத்திப் பெண்கள் அவர்கள் ஊர்ப் புளியமரத்து முனியைப் பற்றிக் கண்ணை உருட்டிப் பேசினால், "அந்த முனிக்கு ஓவர்லாக் அடிக்கத் தெரியுமா கேளு, கம்பெனியில ஆள் பத்தல" என்று ஓட்டியிருக்கிறேன். ஆகவே நான் சொல்வதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் கல்யாணமாகி திருப்பூர் ராயபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தேன். அம்மா சேவூரில் தனியாக, அப்பா கட்டிய ஓட்டு வீட்டில். அப்பா நான் பள்ளிக்கூடம் சேரும் முன்னாலேயே போய்விட்டார், அவர் முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகமில்லை. வீட்டுப் பட்டா அவர் பேரிலேயே கிடந்தது. ஆள் போனதும் பேர் மாற்ற வேண்டும் என்று எங்கள் சனத்தில் யாருக்குத் தோன்றியது, பிரச்சினை வருகிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். பிரச்சினை வந்தது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, அந்த வீடும் இடமும் தனக்குத்தான் சேரும் என்று தாலுகா ஆபீசில் மனுப் போட்டுவிட்டான். விசாரணைக்கு அப்பாவின் இறப்புச் சர்டிபிகேட் வேண்டும், அதை வைத்து வாரிசுச் சர்டிபிகேட் வாங்க வேண்டும். இல்லையென்றால் அம்மா தன் சொந்த வீட்டிலேயே வழிப்போக்கர் மாதிரி ஆகிவிடுவாள்.

சர்டிபிகேட் வாங்குவது என்ன பெரிய காரியம் என்று இறங்கினேன். இறங்கிய பிறகுதான் ஆழம் தெரிந்தது. அந்தக் காலத்தில் ஊர் மணியக்காரர்தான் பிறப்பு இறப்பை எழுதுவார். அந்த வேலையை அரசாங்கம் ஒழித்த பிறகு அவர்கள் எழுதிய புத்தகங்கள் மூட்டை மூட்டையாக எங்கெங்கோ போய்விட்டன. கரையான் தின்றது போக மீதியைத் தேடிப் பார்த்தார்கள். எனக்குத் துணியை ஒதுக்கித்தான் பழக்கம், இங்கே ஒவ்வொரு வருசப் புத்தகமாகப் பார்த்து என்னை ஒதுக்கினார்கள்.

"எந்த ஊருல எறந்தாருங்க?" என்று கேட்டார் ஆபீசில் இருந்தவர்.

"சேவூருங்க. எங்க ஊட்டுலயேதானுங்க."

முன்வருசம் பின்வருசம் எல்லாம் புரட்டிவிட்டு, பதிவு இல்லை என்று ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தார். ஒரு மனுசன் செத்ததற்கு அத்தாட்சி இல்லை என்பதற்கு மட்டும் முத்திரை வைத்து அத்தாட்சி தருவார்கள், அந்த மட்டுக்கும் சந்தோசம். அம்மாவிடம் வந்து நல்லா யோசித்துச் சொல்லு என்று கேட்டால், "வாசல்ல, என்ற மடியிலதான் அம்முணி உசுரு போச்சு" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தத் திரும்பல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பெற்றவளைப் பிடித்து எப்படிக் குடைவது.

விசாரணைக்கு முந்தின வாரம், கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு அவிநாசி தாலுகா ஆபீசுக்குப் போனேன். நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்கினால் புதிதாகப் பதியலாம், அதற்கு மாதக்கணக்காகும் என்றார்கள். உச்சி வெயில். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வந்து நின்ற பஸ்ஸில் போர்டு பார்க்காமல் ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். எப்போது வந்து உட்கார்ந்தார் என்று கேட்காதீர்கள், கவனிக்கவில்லை. சந்தனக் கலர் நூல் சேலை, முந்தியில் கிழிசலைப் பச்சை நூலால் தைத்திருந்தது. கலர் மேட்ச் இல்லாத தையலைப் பார்த்தால் என் கண் தானாகப் போய்விடும், தொழில் அப்படி. கண்டக்டர் வந்தார். திருப்பூர் என்று ரூபாயை நீட்டினேன்.

"இது சோமனூர் வண்டிங்க. திருப்பூர் போகாதுங்களே" என்றார்.

இறங்கலாம் என்று எழுந்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்தார். குளிர்ந்த கை, மண்பானைத் தண்ணீரில் இருந்து எடுத்தது மாதிரி.

"சோமனூருக்கு ரெண்டு எடு கண்ணு. உன்ற சோலி அங்கதான் கெடக்குது" என்றார்.

ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. எடுத்தேன். கண்டக்டரும் எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்து இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நான் வெயிலில் மயங்கி ஏதோ கண்டேன் என்று என் வீட்டுக்காரரே பின்னால் சொன்னார்.

"உங்கப்பன் ஊட்டுல சாகலையே கண்ணு" என்றார் அவர், ஏதோ மழை வரவில்லையே என்கிற மாதிரி. "பொணம் எடுத்த ஊருல கேட்டா எப்பிடிக் கெடைக்கும்? உசுரு போன ஊருலதான எழுதுவாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆபீஸ் வாசலில் நான் பேசியதைக் கேட்டுவிட்டுக் குறி சொல்கிற கூட்டம் என்று நினைத்தேன். "ஏனுங்க, எங்கப்பா எங்க எறந்தாருன்னு எங்கம்மாவுக்குத் தெரியாதுங்களா?" என்று முகத்தில் அடித்த மாதிரி கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "தெரியும் கண்ணு. தெரிஞ்சுதான் சொல்லாம இருக்கா. அவளத் திட்டீராத" என்றார். அப்புறம் சோமனூர் வரும்வரை வாயே திறக்கவில்லை.

இறங்கினதும் எனக்கு முன்னால் விடுவிடு என்று நடந்தார். தறிச் சத்தம் இரண்டு பக்கமும் காதை அடைத்தது. பிறப்பு இறப்பு எழுதுகிற ஒரு ஆபீஸ் வாசலில் நின்று, உள்ளே போ என்று கையைக் காட்டினார். போனேன். வந்ததுதான் வந்தோம், கேட்டுவிட்டாவது திரும்பலாம் என்ற எண்ணம்தான்.

உள்ளே இருந்த கிளார்க் நல்ல மனுசன். பழைய புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்தார், அதிகம் தேடவே இல்லை. என் அப்பாவின் பேர். என் தாத்தாவின் பேர். ஊர் சேவூர். இறந்த இடம் பஸ் நிற்கிற இடத்துத் தண்ணீர்ப் பந்தல். தகவல் சொன்னவர், பந்தலில் தண்ணீர் ஊற்றும் ராமாத்தாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மேசையிலேயே தலையை வைத்து அழுதேன். அப்பா என்று ஒரு ஆள் இருந்தார், இன்ன நாள், இன்ன இடத்தில் போனார் என்று அன்றைக்குத்தான் எனக்கே முதல்முதலாகத் தெரிந்த மாதிரி இருந்தது. நகலுக்கு எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு, அந்த அம்மாவுக்கு நன்றி சொல்ல வெளியே ஓடி வந்தேன். ஆள் இல்லை. போகிறேன் வருகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கள் பக்கத்தில் பரம எதிரி வீட்டிலிருந்து கிளம்பினாலும் போயிட்டு வாரனுங்க என்று சொல்லாமல் வர மாட்டோம், இழவு வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் கிளம்புவோம். இது என்ன பழக்கம் என்று நன்றியோடு சேர்த்துக் கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

திரும்ப உள்ளே போய், "என்னைக் கூட்டிட்டு வந்த அம்மாவப் பாத்தீங்களா?" என்று கேட்டு ஆளை விவரித்தேன். பச்சை நூல் வரைக்கும் சொன்னேன். கிளார்க் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நீங்க சொல்றது ராமாத்தாள் மாதிரியே இருக்குதுங்க. ஆனா அவங்க எப்பிடிங்க வருவாங்க? கைகால் விழுந்து படுத்த படுக்கையாக் கெடக்குறாங்க. ஊடு பின்னாடிச் சந்துலதான்."

போனேன். பயமா என்றால் பயம்தான், ஆனால் ஓட்டை எங்கே என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. மருமகள் கதவைத் திறந்து, அத்தை எழுந்து நடந்து வருசக்கணக்காகிறது, பேச்சும் நின்றுவிட்டது என்றாள். உள்ளே கயிற்றுக் கட்டிலில் அதே முகம் கிடந்தது, இன்னும் ஒட்டிப் போய். கால் இரண்டும் சூம்பியிருந்தன. உடம்புக்கு அடியில் பழைய சேலை ஒன்றைக் கிழித்து விரித்திருந்தார்கள். சந்தனக் கலர். ஓரத்தில் பச்சை நூல்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். கண் மெதுவாகத் திறந்தது.

"காயிதம் கெடச்சுதா கண்ணு?" என்றார்.

மருமகள் கையில் இருந்த சொம்பைக் கீழே போட்டாள். "கெடச்சுதுங்க ஆத்தா" என்று சொல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அதே குளிர்ச்சி. அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை.

சேவூருக்குப் போய் நகலை அம்மா முன்னால் வைத்தேன். திட்டவில்லை. அம்மா நெடுநேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள். அப்பா தறி வேலை கேட்டுச் சோமனூர் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். வெளியூரில் செத்த உடம்பை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அப்போது ஊர்க்கட்டு. பெரியப்பா ஒரு வாடகைக் காரில் அப்பாவைச் சாய்த்து உட்காரவைத்து, உசுரு இருக்குது, உசுரு இருக்குது என்று சொல்லிக்கொண்டே வீட்டு வாசல்வரை கொண்டுவந்திருக்கிறார். அம்மா மடியில் போட்டு வாயில் பால் ஊற்றி, இப்போதுதான் போனது என்று அழுதிருக்கிறாள்.

"எழுத்துல பொய் சொல்ல உங்க பெரியப்பனுக்குப் பயம், மணியக்காரருகிட்டப் போகவே இல்ல. ஊரு தெரிஞ்சுட்டா என்னாகுமோன்னு நானும் யாருகிட்டயும் சொல்லல அம்முணி. பொறவு அதுவே நெசமாட்டம் ஆயிப்போச்சு" என்றாள்.

எங்கள் சொந்த சனம் மறைத்த சாவை, யாரென்றே தெரியாத ஒரு பொம்பளை, தண்ணீர் கேட்டு விழுந்த மனுசனிடம் பேரையும் ஊரையும் கேட்டுவைத்து, நடந்து போய் எழுத வைத்திருக்கிறார். அவருக்கு அதில் என்ன வந்தது, சொல்லுங்கள். வீடு அம்மா பேருக்கு மாறியது. அம்மா கடைசிவரை அந்த வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு முடிந்தபோதெல்லாம் சோமனூர் போனேன். கம்பெனியில் கேட்டு மெத்தென்ற பனியன் கட்பீஸ் கொண்டுபோய்ப் படுக்கையில் விரிப்பேன், பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் சொல்வேன். கேட்டாரோ என்னவோ. அவர் போனபோது எனக்கும் ஆள் அனுப்பினார்கள். அவர் மகன் காரியத்தில் இருந்ததால், ஆபீசுக்குப் போய்ப் பதிவு செய்ய நான் போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். தகவல் சொன்னவர் என்ற இடத்தில் என் பேர் இருக்கிறது. என் வாழ்க்கையில் நான் போட்ட கையெழுத்துகளில் அதுதான் எனக்குப் பெருமை.

கிளம்பும்போது ஒரு தப்புச் செய்தேன். இழவு வீடு என்பது தெரியாமல் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட மனுசியிடம் சொல்லிக்கொள்ளாமல் வர எனக்கு மனசு வரவில்லை. வெறும் கட்டிலைப் பார்த்து, "போயிட்டு வாரனுங்க ஆத்தா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பொம்பளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி, "இங்க வந்து அப்பிடிச் சொல்லலாமாக்கா?" என்றாள்.

பஸ் காலியாகத்தான் இருந்தது. சன்னலோரம் உட்கார்ந்து பக்கத்தில் பையை வைத்தேன். கண்டக்டர், சின்ன வயசுப் பையன், எனக்கு முன்னப்பின்னத் தெரியாது. அவிநாசி என்று சொல்லிக் காசை நீட்டினேன். அவன் இரண்டு டிக்கெட் கிழித்தான்.

"ஒண்ணு போதுங்க தம்பி."

அவன் என் பக்கத்து இடத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அந்தம்மா நீங்க எடுப்பீங்கன்னாங்களே" என்றான்.

இரண்டு டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டு, சீட்டில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்தப் பக்கம் பஸ் ஏறினால் பையை மடியில்தான் வைத்துக்கொள்கிறேன்.