ஞானத்தாயும் குரங்கும்

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்கு அந்த வருஷம்தான் செல்போன் வந்தது. அது அடித்தாலே யாருக்கோ என்னமோ ஆகிவிட்டதென்று எனக்கு உள்ளங்கை வேர்க்கும். அன்றைக்குப் பேசியது ரெட்டியார்பாளையத்துத் தங்கச்சி. தன் பிள்ளையின் ஞானஸ்நானத்தில் நான்தான் ஞானத்தாயாகப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றாள். சந்தோஷம் தலைக்கேறி, கையிலிருந்த கரண்டியோடு ஒரு சுற்று சுற்றினேன்.

அதெல்லாம் ஞாயிறு பூசை வரைக்கும்தான். மனுஷன் குரங்கு வழியில் வந்தான் என்று விஞ்ஞானம் சொல்வதும், கடவுள் படைத்தார் என்று நாம் சொல்வதும் சண்டை போட வேண்டியதில்லை என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. என் கோபமும் பயமும் குரங்கிடமிருந்து வந்தவை என்றால், மனசும் அங்கிருந்துதானே வந்திருக்கும்? ஞானஸ்நானத்தில் பிள்ளைக்காக 'சாத்தானை விலக்குகிறேன்' என்று நான் சொல்ல வேண்டும். அதைச் சொல்வது நானா, குரங்கா? கோயிலில் நின்று பொய் சொல்லலாமா?

காரணத்தைச் சொல்லி, வேறு ஆளைப் பார் என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன்.

"க்கா, கேக்குக்குச் சொல்லியாச்சு! நீ எட்டாவதோட நின்னதுதான் தப்பு. ஒம்பதாவதுல இதுக்குப் பதில் இருந்திருக்கும்."

அவள் விடாமல் ஞானப்பெற்றோருக்கான வகுப்புக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். வகுப்பு முடிந்ததும் சாமியாரிடமே கேட்டேன்.

"பயம் கொரங்குங்க குடுத்ததாவே இருக்கட்டும்மா. ஓடலாமா நிக்கலாமான்னு கொஞ்சம் நிதானிக்கிறீங்க பாருங்க, அந்த எடம் உங்களுது. மெல்ல மெல்ல அந்த எடத்த உண்டாக்குனவரு கடவுள்னு நான் நம்பறேன்."

"அந்த நிதானமும் கொரங்குகிட்டேந்தே வந்திருந்தா, ஃபாதர்?"

அவர் தலையைச் சொறிந்தார். சொறிந்த விதத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு முட்டியது. அவருக்கும் புரிந்துவிட்டது. கையைச் சட்டென்று இறக்கிக்கொண்டு, "அதுக்கு மேல எனக்கும் தெரியலம்மா. வந்து நின்னுதான் பாருங்களேன்," என்றார்.

ஞானஸ்நானத்தன்று போய் நின்றேன். பிள்ளை என் விரலை இறுகப் பிடித்துக்கொண்டது.

"கொரங்குக் குட்டி இப்பிடித்தான் தாய் முடியப் புடிச்சிக்கும்," என்று கிசுகிசுத்தார் தங்கச்சி புருஷன்.

"எம் புள்ளயயா கொரங்குன்றீங்க?" என்று தங்கச்சி அவரைக் கிள்ளினாள்.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கண் தானாகப் பக்கவாட்டு வாசலைத் தேடியது.

சாமியார், "சாத்தானை..." என்று ஆரம்பித்தார்.

"விலக்குகிறேன்!" என்று கத்திவிட்டேன். கோயில் முழுக்க எதிரொலித்தது. பிள்ளை வீலென்று அலறியது.

"கேள்விய முடிக்க விடுங்கம்மா," என்றார். பின்வரிசை வரைக்கும் சிரிப்பு.

அந்தக் கத்தல் சத்தியமாகக் குரங்குதான். நானும் சிரித்துத் தீர்த்தேன். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன். வாசல் திறந்துதான் கிடந்தது. சாமியார் கேள்வியை முதலிலிருந்து கேட்டார். கடைசிச் சொல் வரை காத்திருந்தேன். அதற்கப்புறமும், தங்கச்சி முழங்கையால் இடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு மெதுவாகப் பதில் சொன்னேன்.

அதைச் சொன்னது நான்தான். கேக் வெட்டும்போது அந்தச் சந்தோஷத்தில் கத்தியோடு ஒரு சுற்று சுற்றினேன்.