ஜீப் கவிழ்ந்த தேதி

எங்கள் பள்ளி வாசலில் இருக்கும் கரும்பலகையின் டஸ்டர் இன்று காலையிலிருந்து என் கைப்பைக்குள் கிடக்கிறது. மதியச் சாப்பாட்டு டப்பா மேலெல்லாம் சாக்பீஸ் தூள். இருக்கட்டும்.

அந்தப் பலகையில் தினமும் 'வரலாற்றில் இன்று' எழுதும் வழக்கத்தைத் தொடங்கியவர், நான் இங்கே படித்தபோது இருந்த தலைமை ஆசிரியர். எங்கோ ஒரு மன்னன் முடிசூடியது, எங்கோ ஒரு கப்பல் மூழ்கியது என்று அதே தேதியில் நடந்தவற்றை மாணவர்கள் முறைவைத்து எழுத வேண்டும். அவருக்கு அதில் ஏகப் பெருமை. கம்பத்திலிருந்து மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப் ஒன்றும் அவர் மனைவி பெயரில் ஓடியது. பிரேக் சரியில்லை என்று டிரைவர் புலம்புவதையும், 'சீசன் முடியட்டும்' என்று இவர் தட்டிக்கழிப்பதையும், அந்த ஜீப்பில் தோட்ட வேலைக்குப் போய்வந்த அம்மா வீட்டில் வந்து சொல்லுவாள். ஓர் ஆகஸ்ட் காலையில், ஆட்களை அடைத்துக்கொண்டு ஏறிய ஜீப் கொண்டை ஊசி வளைவில் பின்னால் உருண்டு கவிழ்ந்தது. அம்மாவும் டிரைவரும் இறந்துபோனார்கள். பழி முழுவதும் செத்த டிரைவர் தலையில் விழுந்தது.

மறுவருடம் அதே தேதியில் பலகை எழுதும் முறை எனக்கு வந்தது. மன்னனுக்கும் கப்பலுக்கும் கீழே, 'தலைமை ஆசிரியரின் ஜீப் பிரேக் இல்லாமல் கவிழ்ந்து என் அம்மாவும் டிரைவரும் இறந்தனர்' என்று எழுதினேன். ஓர் எழுத்துப்பிழை கிடையாது. அவர் டஸ்டரை என் கையில் திணித்து, பள்ளிக்கூடமே பார்க்க என்னையே அழிக்க வைத்தார்.

"வரலாறுல வர்றதுக்கு உங்க ஆத்தா என்ன ராணியா? திதியப் போன வாரமே உங்க வீட்டுல கும்பிட்டு முடிச்சாகள்ல. இன்னைக்கு என்னத்துக்கு இது?"

அவர் சொன்னது சரிதான். திதி வருடத்துக்கு வருடம் வேறு வேறு தேதியில் வரும், ஊரும் மறந்துபோகும். அது அவருக்கு வசதி. அம்மாவுக்குத் திதி, இந்த ஆளுக்குத் தேதி என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அதற்காகத்தான் வரலாறு படித்தேன். இதே பள்ளியைக் கேட்டு வாங்கி ஆசிரியையாக வந்தேன். வருடந்தோறும் அந்தத் தேதியில் அந்த வரியை நானே எழுதுகிறேன். ஓய்வுபெற்ற பிறகும் அவர் பள்ளிக்கு எதிர்வீட்டில்தான் இருக்கிறார். தினமும் பலகையை வாசித்துவிட்டு டீக்கடைக்குப் போகிறவர் அன்று மட்டும் கதவைத் திறப்பதில்லை. "வயசான மனுசரு, விட்ருங்க டீச்சர்" என்கிறார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். என் அம்மாவுக்கு வயசாக அவர் விடவில்லையே.

இந்த வருடம் வசமாக மாட்டினார். பள்ளியில் மரம் நடும் விழாவுக்குத் தேதி குறிக்கச் சொன்னார்கள், அந்தத் தேதியையே குறித்துக் கொடுத்தேன். சிறப்பு விருந்தினராக அவரையே கூப்பிடச் சொன்னதும் நான்தான். நாலு பேர் முன்னால் எழுத மாட்டாள் என்று நினைத்திருப்பார். பொன்னாடை ஆசை வேறு. இன்று காலை வாசலில் பொன்னாடை போர்த்தியதும், பழக்க தோஷத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினார். வாசித்தார். கை பலகைக்கு அடியில் துழாவியது.

"டஸ்டர எங்கன வச்ச?"

"எதுக்கு சார்? எழுத்துப்பிழை எதுவும் இருந்தாச் சொல்லுங்க, திருத்திருறேன்."

பொன்னாடையின் நுனியைப் பிடித்துப் பலகை வரைக்கும் கொண்டுபோனார். பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. கையைக் கீழே விட்டுவிட்டார்.

டஸ்டரை நாளைக் காலையில்தான் பையிலிருந்து எடுப்பேன்.