காற்றடித்தால் கடல் குளிருமா

செவ்வாய்க்கிழமை காலை போன் குரோம்பேட்டையில் என் எதிர்வீட்டுக்குத்தான் வந்தது. "சார், உங்க ஃப்ரெண்ட் ஜெயசீலன் சார் தவறிட்டாராம்" என்று ஜன்னல் வழியாகவே சொன்னார்கள். சவரம் பாதியில் நின்றது. ஊரப்பாக்கத்தில் அவர் வீடு போய்ச் சேரும்வரை அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் மேல்.

தாம்பரம் கல்லூரியில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். அவர் இயற்பியல், நான் வேதியியல். வெயிலும் மேகமும் காற்றும் மாறும்போது கடலின் மேல்தண்ணீரில் சூடு எப்படி மாறுகிறது என்பதே அவருக்குப் பைத்தியம். சனிக்கிழமைதோறும் கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போவோம். மீனவர் எல்லப்பன் கட்டுமரத்தில் போய்க் கடல்தண்ணீர் மொண்டு வருவார். கரையில் இவர் அதற்குள் தெர்மாமீட்டரை விடுவார். நான் டீக்கடைப் பக்கம் பார்த்தால், "அவசரப்படாதீங்க, பாதரசம் நிக்கட்டும்" என்பார்.

முதலில் தகர வாளிதான். பஸ்ஸில் அது எல்லார் முழங்காலையும் இடிக்கும். "வாளியத் தூக்கிகினு ஏறாத சார், பேஜாரா கீது" என்று கண்டக்டர் ஒருநாள் கத்தினார். மடித்து வைக்கலாமே என்று ஜி.எஸ்.டி. சாலைக் கடையில் நான் ஒரு கேன்வாஸ் பை வாங்கிக் கொடுத்தேன். குடிதண்ணீர் ஜில்லென்று இருக்க லாரிக்காரர்கள் வண்டிக்கு முன்னால் தொங்கவிடுவார்களே, அதே பை. ஜில்லென்று இருக்க! இத்தனை படித்தும் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

பன்னிரண்டு வருஷம் அந்தப் பைதான். காற்றடித்த நாளெல்லாம் சூடு நன்றாக இறங்கியது. அவர் முகத்தை அப்போது பார்த்திருக்கவேண்டும்! கட்டுரை எழுதி, டைப் அடித்து, உறையில் போட்டாயிற்று. அந்தச் சனிக்கிழமைதான் எல்லப்பன் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இன்னா சார், காத்துல பைத் தண்ணிதான ஜில்லுனு ஆவுது? கைய வுட்டுப் பாத்தா கடலு அவ்ளோ ஜில்லுனு இல்லியே."

ஜெயசீலன் மணலில் உட்கார்ந்துவிட்டார். காற்று கடலையும் குளிர வைக்கும், அது உண்மை. ஆனால் எங்கள் நோட்டுகளில் கடல் குளிர்ந்தது எவ்வளவு, பை குளிர்ந்தது எவ்வளவு என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. "தெரிஞ்சே பொய் சொல்ல முடியாது சார்" என்றார். கட்டுரை போகவில்லை. அதன் பிறகு அவர் கடல் பக்கமே வரவில்லை.

அடக்கம் முடிந்ததும் அவர் மனைவி நோட்டுகளை என்னிடம் கொடுத்தார். "நீங்களே வச்சுக்குங்க சார். ஏதோ பையால எல்லாம் வீணாப் போச்சுன்னு மட்டும் சொன்னார். எந்தப் பாவி வாங்கிக் கொடுத்தான்னு எத்தனையோ தடவ கேட்டேன். வாயே திறக்கல."

நோட்டுகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவை என் மேசைமேல் கிடக்கின்றன, ஒன்றுக்கும் உதவாமல். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவையும், அவர் சொல்லாமல் விட்ட ஒரு பெயரும்.

அந்தப் பாவி நான்தான் அம்மா.