படி நெல்லுக்கு ஓர் ஆட்டம்

மகள் கேட்ட வீடியோ கேமின் விலையைத் திரையில் பார்த்து, இது நியாயமா என்று யோசித்தபோது, எனக்கு என்னவோ புதுநெல்லின் அரிக்கும் சுணைதான் நினைவுக்கு வந்தது. மயிலாடுதுறை போகும் சாலையில், எங்கள் ஊர் முனையில் சாந்தி அக்கா வைத்திருந்த கேம் கடையில், சிங்கப்பூரிலிருந்து அவர் அண்ணன் அனுப்பிய டிவியின் சூடும், மூலையில் குவிந்த நெல்லின் வாசமும், தூசு புகுந்து கரகரத்த பட்டன்களின் சத்தமும் ஒன்றாகக் கலந்துகிடக்கும். அறுவடைக் காலத்தில் ஐஸ்காரர் காசுக்குப் பதில் நெல் வாங்குவதைப்போல அக்காவும் வாங்குவார்; ஒரு படிக்கு ஓர் ஆட்டம், திரையில் ஓடும் கார் எதிலும் இடிக்காதவரை எவ்வளவு நேரமும் ஓட்டலாம்.

நான் எங்கள் பத்தாயத்து நெல்லை அம்மாவிடம் கேட்டு வாங்கிப் போவேன். என் வகுப்பில் படித்த செல்வி, அவள் அம்மா எங்கள் வயலில் அறுத்துப் போன பிறகு, சிந்திய கதிர்களைப் பகல் முழுக்கப் பொறுக்கி, காலால் தேய்த்து உதிர்த்துக் கொண்டுவருவாள். அக்கா இருவரிடமும் ஒரே படியால் அளந்து வாங்கிக்கொண்டு, "யாரா இருந்தாலும் ஒரே ரேட்டுதான்" என்பார். நியாயமானவர் என்று ஊரில் அவருக்குப் பெயர்.

நாங்கள் எல்லோரும் காரை இடித்து நொறுக்கிச் சிரிப்போம். செல்வி மட்டும் மற்ற கார்களை முன்னே விட்டு, ஓரமாக, மெதுவாக ஓட்டுவாள்.

"வேகமாப் போடி, ஜெயிக்க வேணாமா?" என்றேன் ஒருநாள்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "இடிச்சுட்டா மறுபடியும் பொறுக்கப் போவணுங்க."