மொட்டைமாடியில் நாலு குண்டு

“ஏளா, ஈயம் விஷம்னா ஒன் படிப்பும் விஷந்தான்! இத உருக்கித்தான ஒன்னயப் படிக்க வச்சேன்!”

ஈயப்புகை உடம்புக்கு ஆகாது என்று மகள் சொன்னதற்குப் பிலோமினா இப்படிக் கத்தினாள். புன்னைக்காயலில் கோயிலுக்குப் போனவர்கள்கூட நின்று கேட்டார்கள். புருஷன் கடலோடு போன வருஷமே கொல்லையில் அடுப்பு மூட்டி, வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு வார்க்க ஆரம்பித்தவள் அவள். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. அந்தத் திமிர் பேச்சிலும் இருக்கும்.

மகள் ஜெயசெல்வி தூத்துக்குடியில் கல்லூரி ஆராய்ச்சிக்காரி. வெயிலை உறிஞ்சிக் கரண்டாக்கும் பூச்சு செய்கிறாள். உலோக உப்பையும் கரிமப்பொருளையும் கலந்து கண்ணாடித் தகட்டில் பூசுவது. நன்றாக உழைக்கிற பூச்சுகளில் ஈயம் இருக்கிறது. மழையில் கசிந்தால் மண் கெடும். அதனால் இவள் ஈயத்தை விட்டுவிட்டுப் பிஸ்மத் என்ற உலோகத்தைச் சேர்த்தாள்.

“கரண்டு கொஞ்சம் கம்மிதான் எம்மா. ஆனா கெடுதி இல்ல.”

உப்புக்காற்றுக்குத் தாங்குமா என்று பார்க்க, தகடுகளைத் தட்டில் அடுக்கி அம்மா வீட்டு மாடியில் வைத்தாள். தட்டில் தேங்கிய மழைத்தண்ணீரைச் சோதனைக்குக் கொண்டுபோனாள். தண்ணீரில் ஈயம் என்று பதில் வந்தது.

ஜெயசெல்வி சோற்றைத் தொடவில்லை. “ஈயமே சேக்கலம்மா. இனி என்னயக் கள்ளின்னுல்லா சொல்லுவாங்க!”

பிலோமினா கரண்டியை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். ஒரு குண்டை எடுத்துவந்து மகள் கையில் வைத்தாள்.

“மழையோட பேய்க்காத்து அடிச்சுதுல்லா, தட்டு பறந்துரும்னு மூலைக்கு ஒண்ணு வச்சேன். நீ ஏசுவேன்னு பொறவு எடுத்துட்டேன்.”

“தொடாதன்னு சொன்னேம்லா!”

“தட்ட யாருளா தொட்டா? குண்டுதான் வச்சேன். கடல்ல விழுந்திருந்தா ஒங்க வாத்தியாரா முங்கி எடுப்பாரு?”

ஜெயசெல்விக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சோற்றுத் தட்டை இழுத்துத் தின்றாள்.

மறுநாள் பிலோமினா பஸ் ஏறிப்போய், பழைய இரும்புக் கடையில் அடியில் ஈயம் அடைக்காததாகப் பார்த்து நாலு எடைக்கல் வாங்கிவந்தாள். புதுத் தட்டில் புதுத் தகடுகள் அடுக்கினார்கள். அடுத்த மழைத்தண்ணீரில் ஈயம் இல்லை. பூச்சு ஓரத்தில் கொஞ்சம் வெளுத்திருந்தது; அதைச் சரிபண்ண வழி இருக்கிறது என்றாள் மகள். பிலோமினா இப்போதும் குண்டு வார்க்கிறாள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு.

எடைக்கல் நாலும் மாடியில்தான் கிடக்கின்றன. கடைக்கார அண்ணாச்சி இருநூறு கேட்டார். பிலோமினா கொடுத்தது நூற்று எழுபது.